மலாவி நாட்டுக் கிராமப் பள்ளிகள்

பிள்ளைகள் பள்ளிக்கு வாராமைக்குக் கட்டணமே காரணம் என்று எண்ணுவோர் பலர். ஆப்பிரிக்காவில் உள்ள மலாவி நாட்டின் அனுபவம் இதனை ஆழ்ந்து நோக்கச் செய்கிறது. மக்களுள் பெரும்பாலோர் மக்காச்சோளம் பயிரிடும் சிறு உழவர்களாகிய அந்நாட்டில், 1994-ஆம் ஆண்டில் தொடக்கப் பள்ளிக் கட்டணம் ஒழிக்கப்பட்டது. சுமார் 19 இலட்சமாக இருந்த மாணாக்கர் தொகை விரைவிலேயே ஏறத்தாழ 30 இலட்சமாயிற்று. மகிழத்தக்கதே! ஆயின் வகுப்பறைகள் அவ்வேகத்தில் எழவில்லை. பல ஊர்களில் மரநிழலே பள்ளியாயிற்று. முறையான பயிற்சி பெறாத சுமார் 20,000 பேர் ஆசிரியராக அமர்த்தப்பட்டனர். நெரிசல் பெரிதும் கீழ் வகுப்புகளிலேதான். எழுத்தறிய வேண்டிய முதல் வகுப்பில் ஆசிரியரின் கண் படாத பிள்ளை, மறு ஆண்டும் அதே வகுப்பில் அமர்கிறது, பின்னர் நின்றுவிடுகிறது. பழைய தானியம் தீர்ந்து புதுக்கதிர் முற்றாத ஜனவரி, பிப்ரவரித் திங்கள்களில் பசியும் சேர்ந்துகொள்ளும். (பசிக்கு நம் மாநிலம் 1956-இலேயே மதிய உணவால் வழி கண்டது.)

கட்டடம் வேண்டித் தீர்மானம் நிறைவேற்றுவதில் நம் பஞ்சாயத்துகள் சளைத்தவை அல்ல. கீழ் வகுப்புகளின் வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கும் உறுப்பினரோ அரியர். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். உள்ளாட்சிப் பிரதிநிதிக்கும் இடமுண்டு. சென்ற ஆண்டு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தோருள் எத்தனை பேர் இன்று தடையின்றி வாசிக்கின்றனர், வாராது நின்றோர் யாவர் என அடுத்த கூட்டத்தில் கேளுங்கள்.