மாமா பாதத்தில் ஆறாத புண்

போன தைப்பூசத்துக்கு எங்கள் மாமா பால்குடம் எடுத்தார். சிராங்கூன் ரோடு ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரைக்கும் வெறுங்கால் நடை. குவீன்ஸ்டவுன் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது தரையில் ரத்தத் தடம். "வலிக்கவே இல்லடா, சின்னக் கீறல்தான்" என்றார். அவருக்குப் பல வருஷமாகச் சர்க்கரை நோய். மூன்று வாரம் ஆகியும் புண் ஆறவில்லை. அப்போது மாமா மகள், முகத்துக்குப் போடும் சீரம் ஒன்றைக் கொண்டுவந்து, "இதுல ஹயலூரோனிக் அமிலம் இருக்கு, புண்ணை ஆத்துமாம். தடவட்டுமா?" என்று கேட்டாள்.

எஞ்சினியரிங் படிக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பெயரில் அமிலம் இருந்தாலும் இது எரிக்காது. இரண்டு சர்க்கரை மூலக்கூறுகள் மாறி மாறிக் கோத்த நீளமான சங்கிலி. 1934-இல் கார்ல் மேயர், ஜான் பாமர் இருவரும் மாட்டுக் கண்ணுக்குள் இருக்கும் கூழிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். நம் உடம்பில் மொத்தம் சுமார் 15 கிராம்தான். அதில் பாதி தோலில். தினமும் மூன்றில் ஒரு பங்கு உடைந்து, புதிதாக உருவாகிறது.

நம்ம பிளாக்குக்குச் சாயம் அடிக்கும்முன் சாரம் கட்டுவார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். காயம் பட்டு ரத்தம் உறைந்ததும், இந்த நீளச் சங்கிலிகள் அங்கே நிறைந்து தண்ணீரை இழுத்துப் பிடிக்கின்றன. அந்த ஈரமான, தளர்வான இடத்தில்தான் செல்கள் நகர்ந்து உள்ளே வர முடியும். பிறகு நொதிகள் சங்கிலியைத் துண்டாக்குகின்றன. எனக்கு ஆச்சரியம் தந்தது இதுதான்: நீளச் சங்கிலி அழற்சியை அடக்குகிறது; உடைந்த குட்டித் துண்டுகளோ அபாயச் சங்கு ஊதுவதுபோல் நோய் எதிர்ப்புச் செல்களை அழைக்கின்றன, புது ரத்தக் குழாய் முளைக்கவும் தூண்டுகின்றன. ஒரே பொருள், நீளம் மாறினால் வேலையே மாறுகிறது! கடைசியில் கொலாஜன் வந்து நிரம்ப, சாரம் கழற்றப்படுகிறது. கருவிலிருக்கும் சிசுவின் காயத்தில் இந்த அமிலம் அதிக நாள் நிறைந்திருக்கிறது. அங்கே தழும்பு விழாமல் ஆறுவதற்கு அதுவும் ஒரு காரணம் என்கிறார்கள்.

சரி, மாமாவுக்கு ஏன் ஆறவில்லை? நீரிழிவில் பாதத்துக்கு ரத்த ஓட்டம் குறையும். அழற்சி அடங்காமல் அங்கேயே நின்றுவிடும். நரம்பு மரத்துப்போவதால் வலியும் தெரியாது. "வலிக்கல" என்று மாமா சொன்னதைக் கேட்டு நாங்கள் நிம்மதி அடைந்தோம். பயந்திருக்க வேண்டிய இடம் அது.

ஹயலூரோனிக் அமிலம் சேர்த்த கட்டுத்துணிகள் மருத்துவத்தில் உண்டு. கால் நாளப் புண்களில் ஓரளவு பலன் தெரிந்திருக்கிறது. நீரிழிவுப் பாதப் புண்ணில் சான்று இன்னும் உறுதியாகவில்லை. முகச் சீரம் வேறு கதை. அது கிருமி நீக்கப்பட்ட மருந்து இல்லை. வாசனைப் பொருளும் கலந்திருக்கலாம். திறந்த புண்ணில் போடக்கூடாது. மஞ்சள்தூளும் அப்படித்தான், பாட்டி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

விரதக்காரர்கள் ஒரு கேள்வி கேட்பீர்கள்: இது சைவமா? முன்பு சேவல் கொண்டையிலிருந்து எடுத்தார்கள். இப்போது பெரும்பாலும் பாக்டீரியாவை நொதிக்க வைத்துத் தயாரிக்கிறார்கள். டப்பாவில் எதிலிருந்து என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

மறுநாள் காலையே மாமாவைப் பாலிகிளினிக்குக்கு அழைத்துப் போனோம். புண்ணைச் சுத்தம் செய்து, செத்த தோலை வெட்டி எடுத்து, பாதத்தில் அழுத்தம் படாத செருப்பு கொடுத்தார்கள். ஆற மூன்று மாதம் பிடித்தது. அடுத்த தைப்பூசத்துக்கும் பால்குடம் உண்டாம். டாக்டரிடம் பாதத்தைக் காட்டி, அவர் சரியென்றால் மட்டும் என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இப்போது தினமும் ராத்திரி மாமாவின் உள்ளங்காலை டார்ச் அடித்துப் பார்ப்பது என் வேலை.