பிரீமியம் கட்டியாச்சு, வரிக்கழிவு கிடைக்குமா?

ஜூலை மாதக் கடைசி வாரத்தில் எந்த ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போனாலும் இந்தக் கேள்வி காதில் விழும்: "சார், மெடிக்ளைம் ரசீது கொண்டு வந்திருக்கேன், வரியில எவ்வளவு குறையும்?" கேட்பவர் கடைக்காரராகவோ, தனியாக பிராக்டிஸ் செய்யும் டாக்டராகவோ, வீட்டிலிருந்தே டிசைன் வேலை பார்ப்பவராகவோ இருப்பார். பலருக்குக் கிடைக்கும் பதில், "ஒரு ரூபாய்கூடக் குறையாது" என்பதுதான். ரசீதில் எந்தக் குறையும் இருக்காது. அதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்யாததுதான் காரணம். சம்பளக்காரருக்கு இதையெல்லாம் கம்பெனியின் கணக்குப் பிரிவு கேட்டு வாங்கிச் செய்துவிடும். சொந்தத் தொழில் செய்பவர் தானேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2025-26 நிதியாண்டுக்கான ரிட்டர்னை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால், அடுத்த ஆண்டுக் கணக்கில் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறும்.

முதலில் எந்த வரி முறை என்று முடிவு செய்யுங்கள்

மருத்துவக் காப்பீட்டுக்கான 80டி கழிவு பழைய வரி முறையில் மட்டுமே உண்டு. 2023-24 முதல், எதையும் தேர்வு செய்யாதவர் தானாகவே புதிய முறைக்குள் போய்விடுகிறார். அங்கே 80டி கிடையாது. அதனால் ரசீதைத் தேடுவதற்கு முன் காகிதத்தில் ஒரு கணக்கு போடுங்கள்.

செலவு போக வருமானம் 12 லட்சத்துக்குள் என்றால் கணக்கே வேண்டாம். புதிய முறையில் உங்களுக்கு வரி இல்லை (பங்கு, மனை விற்ற லாபம் தனி). அதற்கு மேல் என்றால், 14 லட்ச ரூபாய் வருமானத்தை எடுத்துக்கொள்வோம். புதிய முறையில் செஸ் சேர்த்து வரி 93,600 ரூபாய். பழைய முறையில் 80சி-க்கு ஒன்றரை லட்சம், வீட்டுக்கடன் வட்டி 2 லட்சம், மருத்துவக் காப்பீடு 75,000 என்று எல்லாவற்றையும் கழித்த பிறகும் வரி 1,11,800 ரூபாய் வருகிறது. இவ்வளவு கழிவு இருந்தும் 18,200 ரூபாய் அதிகம்! இந்த வருமானத்தில் பழைய முறை லாபமாக வேண்டுமென்றால் மொத்தக் கழிவு 5,12,500 ரூபாயைத் தாண்ட வேண்டும். பிள்ளையின் கல்விக்கடன் வட்டி ஒன்றரை லட்சம் கூடச் சேர்ந்தால் தாண்டிவிடும், வரி 80,600 ஆகும். வீட்டுக்கடன், கல்விக்கடன், வயதான பெற்றோருக்கான பிரீமியம் எல்லாம் ஒரே நேரத்தில் சுமப்பவர்களுக்குத்தான் பழைய முறை இன்று கைகொடுக்கிறது. மற்றவர்கள் 80டி-க்காக மட்டும் பழைய முறைக்குப் போகவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கணக்கு பழைய முறைக்குச் சாதகமாக வந்தால், அடுத்ததாக 10-ஐஇஏ படிவம். தடுமாறுகிறவர்களில் பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். தொழில் வருமானம் உள்ளவர் ரிட்டர்னில் "பழைய முறை" என்று டிக் அடித்தால் மட்டும் போதாது. வருமான வரி இணையதளத்தில் 10-ஐஇஏ படிவத்தைத் தனியாகத் தாக்கல் செய்து, ஆதார் ஓடிபி போன்ற ஏதாவது ஒரு வழியில் உறுதிசெய்து, அது தரும் ஒப்புகை எண்ணையும் தேதியையும் ரிட்டர்னில் நிரப்ப வேண்டும். இதை ரிட்டர்னுக்கான கெடு தேதிக்குள் முடித்தாக வேண்டும். கெடு தாண்டிவிட்டால் அந்த ஆண்டுக்குப் பழைய முறை கிடையாது. தாமத ரிட்டர்னில் கெஞ்சியும் பயனில்லை. என் யோசனை: படிவத்தை ரிட்டர்னோடு சேர்த்துப் போடலாம் என்று வைத்திருக்காமல் ஒரு வாரம் முன்பே போட்டுவிடுங்கள். கடைசி நாள் இரவில் ஓடிபி வராமல் தவிக்க வேண்டியிருக்காது.

இன்னொன்று. சம்பளக்காரர் ஆண்டுதோறும் இங்கும் அங்கும் மாறலாம், தொழில் செய்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. ஒருமுறை 10-ஐஇஏ போட்டுப் பழைய முறைக்குப் போனால் அது அடுத்தடுத்த ஆண்டுகளுக்கும் தொடரும். அங்கிருந்து புதிய முறைக்குத் திரும்ப ஒரே ஒரு வாய்ப்பு. திரும்பிய பிறகு, தொழில் வருமானம் இருக்கும்வரை மறுபடி பழைய முறைக்கு வர முடியாது. ஆகவே இந்த ஆண்டை மட்டும் பார்க்காமல், வீட்டுக்கடன் எப்போது முடிகிறது, கல்விக்கடன் இன்னும் எத்தனை ஆண்டு என்பதையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுங்கள்.

யாருக்கு, எவ்வளவு

நீங்கள், கணவன் அல்லது மனைவி, உங்களைச் சார்ந்த பிள்ளைகள் ஆகியோருக்குச் சேர்த்து 25,000 ரூபாய். இவர்களில் காப்பீடு பெற்ற ஒருவர் 60 வயதை எட்டியிருந்தால் 50,000. பெற்றோருக்குத் தனியாக 25,000, அவர்கள் மூத்த குடிமக்கள் என்றால் 50,000. ஒன்றில் மிஞ்சியதை இன்னொன்றுக்கு மாற்ற முடியாது. பெற்றோர் உங்களைச் சார்ந்திருக்க வேண்டியதில்லை. அப்பா பென்ஷன் வாங்கினாலும் அவருக்குக் கட்டும் பிரீமியம் கழிவுக்கு ஆகும். மாமனார், மாமியாருக்குக் கட்டினால் ஆகாது. மனைவிக்கும் தொழிலோ வருமானமோ இருந்தால், அவருடைய அப்பா அம்மாவுக்கான பிரீமியத்தை அவர் கணக்கிலிருந்தே கட்டி, அவர் ரிட்டர்னிலேயே காட்டட்டும்.

மூன்று ஆண்டு பிரீமியத்தை மொத்தமாகக் கட்டினால் மூன்றாகப் பிரித்துத்தான் கழிக்க முடியும். 60,000 கட்டினால் ஆண்டுக்கு 20,000. முழு உடல் பரிசோதனைக்கு 5,000 ரூபாய் வரை இதே வரம்புக்குள் உண்டு.

பரிசோதனைக்கு மட்டும்தான் ரொக்கம் செல்லும், பிரீமியத்தை ரொக்கமாகக் கட்டினால் கழிவு இல்லை. கடைக்கே வந்து பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, தன் செல்போனிலிருந்து ஜிபே செய்யும் ஏஜென்ட் எல்லா ஊரிலும் இருக்கிறார். ரசீதில் ஆன்லைனில் கட்டியதாக இருக்கும், உங்கள் பாஸ்புக்கில் ஒரு வரியும் இருக்காது. நாளைக்கு நோட்டீஸ் வந்தால் எதைக் காட்டுவீர்கள்? மார்ச் 31-க்குள் உங்கள் கணக்கிலிருந்தே கட்டுங்கள்.

பாலிசியே கிடைக்காத பெற்றோர் இருந்தால்

இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், பார்க்கும்போது மனசு பொறுக்கவில்லை. 60 வயது கடந்த பெற்றோருக்குச் சர்க்கரை, இதயக் கோளாறு என்று சொல்லி எந்த நிறுவனமும் பாலிசி தராமல் போகலாம். அப்படிக் காப்பீடே இல்லாதவருக்கு நீங்கள் செய்யும் மருத்துவச் செலவை 50,000 ரூபாய் வரை கழிக்கலாம். டாக்டர் ஃபீஸ், மாத்திரை, ரத்தப் பரிசோதனை எல்லாம் இதில் அடங்கும். மாதம் 3,000 ரூபாய்க்கு மாத்திரை வாங்கினாலே ஆண்டுக்கு 36,000 ஆகிவிடும். மெடிக்கல் ஷாப்பில் அம்மாவின் பெயர் போட்ட பில்லைக் கேட்டு வாங்குங்கள், யுபிஐ-யில் பணம் கொடுங்கள், மருந்துச் சீட்டோடு சேர்த்து ஒரே ஃபைலில் வையுங்கள்.

தொழில் செலவில் எழுதாதீர்கள்

உங்கள் பாலிசி உங்கள் சொந்தச் செலவு. கடைக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தாலும் அதை லாப நட்டக் கணக்கில் செலவாக எழுதக் கூடாது. ஆனால் வேலையாட்களுக்கு நீங்கள் எடுக்கும் மருத்துவக் காப்பீடு தொழில் செலவுதான். ரொக்கமாக இல்லாமல் கட்டினால் புதிய முறையிலும் அதைக் கழிக்கலாம். கணக்குப் புத்தகம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் இது. 44ஏடி, 44ஏடிஏ பிரிவுகளில் உத்தேச லாபம் காட்டுபவருக்கு எல்லாச் செலவும் அதிலேயே அடங்கிவிடும். எனினும் அவர்கள் பழைய முறையில் இருந்தால் 80டி தனியாகக் கிடைக்கும்.

ரிட்டர்ன் நிரப்புவதில் சிரமம் இல்லை. ஐ.டி.ஆர்-3 ஆனாலும் ஐ.டி.ஆர்-4 ஆனாலும் 80டி அட்டவணையில் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர், பாலிசி எண், தொகை மூன்றையும் கேட்கும். நிறுவனம் தரும் 80டி சான்றிதழில் இந்த மூன்றும் இருக்கும்.

கணக்கு போட்டுப் பார்த்துப் புதிய முறைதான் லாபம் என்று தெரிந்தாலும் பாலிசியை நிறுத்திவிடாதீர்கள், தேதி தவறாமல் புதுப்பியுங்கள். பாலிசி ஒருமுறை விட்டுப்போனால், சர்க்கரை, பி.பி. போன்று ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அது 3 ஆண்டு வரை போகும்.