புள்ளி நாய்க்கும் தீயணைப்பு வண்டிக்கும் என்ன உறவு?



ஆங்கிலப் படப் புத்தகங்களில் இந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பு நிறத் தீயணைப்பு வண்டி. அதில் வீரர்களோடு சேர்ந்து, வெள்ளை உடம்பில் கறுப்புப் புள்ளி போட்ட நாய் ஒன்று கம்பீரமாக உட்கார்ந்திருக்கும். அதுதான் டால்மேஷன். "நாய்க்கு அங்கே என்ன வேலை? குழாயைப் பிடிக்குமா, ஏணியில் ஏறுமா?" என்று கேட்கத் தோன்றும். இரண்டும் இல்லை. அது தீயை அணைக்க வந்த நாயே அல்ல. குதிரைக்குத் துணையாக வந்த நாய்!

கோச்சு வண்டி நாய்

குரோஷியா நாட்டில் அட்ரியாடிக் கடலோரமாக உள்ள பகுதி டால்மேஷியா. அதிலிருந்துதான் இந்த நாய்க்குப் பெயர் வந்தது. ஆனால் இது பேர் வாங்கியது இங்கிலாந்தில். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் அங்கே வசதியானவர்கள் குதிரை பூட்டிய கோச்சு வண்டியில் போவார்கள். வண்டிக்குப் பக்கத்திலோ, அச்சுக்கு அடியிலோ இந்த நாயும் கூடவே ஓடும். மைல் கணக்கில் ஓடினாலும் சளைக்காது. வேற நாய்கள் குதிரையின் காலைக் கடிக்க வந்தால் விரட்டிவிடும். ராத்திரி சத்திரத்தில் தங்கினால் குதிரைக்கும் பெட்டிகளுக்கும் காவல் இருக்கும். குதிரைக்கும் இதற்கும் அப்படி ஒரு ஒட்டுதல்.

மணி அடித்தால் ஓட்டம்

அமெரிக்காவில் தீயணைப்பு வண்டியை முதலில் ஆட்களே இழுத்தார்கள். பிறகு நீராவியால் தண்ணீரைப் பீய்ச்சும் இயந்திரம் வந்தது. 1853-இல் சின்சினாட்டி நகரம் இந்த இயந்திரத்தோடு தீயணைப்புப் படையை அமைத்தது. மற்ற நகரங்களும் பின்பற்றின. இயந்திரமோ பயங்கர கனம். ஆட்கள் இழுத்து முடியுமா? குதிரைகளைப் பூட்டினார்கள். குதிரை வந்த இடத்துக்கு நாயும் வந்துவிட்டது.

அது செய்த வேலைகளைப் பாருங்கள்:

1. மணி அடித்ததும் வெளியே பாய்ந்து குரைக்கும். ஜனங்கள் வழி விடுவார்கள்.
2. வண்டியோடு ஓடி, குறுக்கே வரும் நாய்களை விரட்டும்.
3. நெருப்பையும் புகையையும் கண்டால் குதிரை மிரளும். பழகின நாய் பக்கத்தில் நின்றால் கொஞ்சம் அமைதியாகும்.
4. வீரர்கள் உள்ளே உயிரைக் கொடுத்துப் போராடும்போது, வெளியே வண்டியையும் குதிரையையும் யாரும் தொடாமல் காக்கும்.
5. நிலையத்திலும் குதிரை லாயத்தில்தான் அதற்குப் படுக்கை.

தீ விபத்தில் ஒவ்வொரு நிமிஷமும் ஓர் உயிர் மாதிரி. அந்த நிமிஷங்களை மிச்சம் பிடித்துக் கொடுத்ததில் இந்த நாய்க்கும் பங்கு உண்டு.

குதிரை போனது, நாய் இருந்தது

பிறகு மோட்டார் வண்டி வந்தது. நியூயார்க் நகரில் 1922 டிசம்பர் 20-ஆம் தேதி, புரூக்ளின் பகுதியில் குதிரைகள் இழுத்த தீயணைப்பு வண்டி கடைசியாக ஓடியது. குதிரைக்கு வேலை போச்சு. நாய்க்கும் வேலை போச்சு. ஆனால் டால்மேஷனை வீரர்கள் மறந்துவிடவில்லை. பல நிலையங்களில் அது செல்லப் பிள்ளையாக வளர்ந்தது. 1951-இல் அமெரிக்கத் தேசியத் தீ தடுப்புச் சங்கம், குழந்தைகளுக்குத் தீ பற்றிப் பாடம் சொல்ல 'ஸ்பார்க்கி' என்ற டால்மேஷன் பொம்மையைச் சின்னமாக்கியது.

2001 செப்டம்பர் 11-இல் நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதலில் 343 தீயணைப்பு வீரர்கள் உயிர் நீத்தார்கள். 'லேடர் 20' என்ற குழு மட்டும் 7 பேரை இழந்தது. துக்கத்தில் இருந்த அந்த நிலையத்துக்கு ஒரு டால்மேஷன் குட்டி பரிசாக வந்தது. குழுவின் எண்ணையே, 'ட்வென்டி' என்று, அதற்குப் பெயராக வைத்தார்கள். 2016-இல் இறக்கும்வரை அது அவர்களோடு இருந்தது.

ஒரு காலத்தில் மிரண்ட குதிரைக்குப் பக்கத்தில் நின்ற நாய், இப்போது மனம் உடைந்த மனிதர்களுக்குப் பக்கத்தில் நின்றது. யோசித்துப் பார்த்தால் வேலை மாறவே இல்லை, இல்லையா நண்பர்களே?

துணுக்கு: டால்மேஷன் குட்டி பிறக்கும்போது புள்ளியே இருக்காது! சுமார் இரண்டு வாரம் ஆன பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும்.