லாரியின் குறுக்குக் குழாய்

செஞ்சி என்றதும் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்னும் மூன்று குன்றுகளும் அவற்றை இணைக்கும் மதிலுமே எவர் மனத்திலும் எழும். 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற பன்னிரண்டு மராட்டியர் அரண்களுள் தமிழ்நாட்டில் உள்ளது இக்கோட்டை ஒன்றே. ஆனால் இவ்வூரில் பிறந்து வளர்ந்த நமக்கு இன்னொரு காட்சியும் பழக்கமானது. அறுவடைக் காலத்தில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் முன் நெல் மூட்டைகளோடு வந்து நிற்கும் வண்டிகளின் வரிசையைத்தான் சொல்கிறேன். அப்படி நெல் ஏற்றும் லாரி ஒன்றின் அடியில் முதுகு மண்ணில் படப் படுத்துக்கொண்டு நான் கற்ற இயற்பியலை இங்கே எழுத விரும்புகிறேன்.

என் தாய்மாமன் ஆறு சக்கர லாரி ஒன்றை வைத்திருக்கிறார். ஓட்டுபவரும் அவரே. தவணை இன்னும் முடியாத வண்டி; ஆகையால் ஒரு நாள் நின்றாலும் வீட்டில் முகம் வாடும். சென்ற ஆண்டு தை மாதத்தில் தொடர்ந்து நான்கு நாட்கள் அவர் தலைவலியோடு வீடு திரும்பினார். “வெயில்ல ஓட்டினா தலை வலிக்காம என்ன செய்யும்?” என்றார் அத்தை. “நேத்து ராத்திரியில்ல ஓட்டினேன்? அப்பவும்தான் வலிச்சுது” என்றார் மாமா. இந்த ஒரு வரியில் வெயில் குற்றவாளி அன்று என்பது உறுதியாயிற்று. வண்டியை விட்டிறங்கித் திண்ணையில் ஒரு மணி நேரம் காற்றாட உட்கார்ந்தால் வலி குறைந்துவிடும் என்றும் அவர் சொன்னார். வண்டியில் ஏறினால் வருகிறது, இறங்கினால் போகிறது என்றால் காரணத்தை வண்டிக்குள்தானே தேட வேண்டும்?

மறுநாள் பட்டறையில் வண்டியைத் தூக்கிக் கட்டை கொடுத்துப் பார்த்தபோது காரணம் கண்ணுக்கே தெரிந்தது. டர்போவிலிருந்து புறப்பட்டு, கியர் பெட்டிக்குக் கீழே குறுக்காகச் சென்று, வண்டியின் மறுபக்கத்துச் சைலன்சரை அடையும் குழாயில், பிளேஞ்சை ஒட்டி அரைவட்டமாக ஒரு வெடிப்பு. அதைச் சுற்றியிருந்த இரும்பெல்லாம் கரி அப்பிக் கிடந்தது. அதற்கு நேர் மேலே கியர் தண்டைச் சுற்றியிருந்த ரப்பர் உறை கிழிந்திருந்தது. கீழே கசிந்த புகை அந்தக் கிழிசல் வழியே நேராக ஓட்டுநரின் காலடிக்கு ஏறியிருக்கிறது.

இக்குழாய்க்கு நூல்களில் ஒரு பெயர், பட்டறையில் ஒரு பெயர், உதிரிப்பாகக் கடையில் மற்றொரு பெயர். எஞ்சினின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்குப் புகையைக் கடத்துவதால் ‘குறுக்குக் குழாய்’ என்றே நான் குறிப்பிடுகிறேன். இப்பெயர் முழுமையாகப் பொருந்துவது ‘வி’ வடிவ எஞ்சின்களுக்கே. அவற்றில் உருளைகள் இரு வரிசையாகச் சாய்ந்து நிற்பதால் புகையும் இருபுறமும் வெளிவரும். டர்போ ஒன்றே இருந்து அதுவும் ஒரு பக்கத்தில் இருந்தால், மறுபக்கத்துப் புகையைக் குறுக்கே கொண்டுவந்து சேர்த்தாக வேண்டும். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1992இல் கொண்டுவந்த 6.5 லிட்டர் டர்போ டீசல் எஞ்சின் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ராஜகிரியின் உச்சிக்குப் போகிறவர் ஆழ்ந்த பிளவின் மீதுள்ள பாலத்தைக் கடந்தே ஆக வேண்டும் அல்லவா? பாலம் போனால் கோட்டைக்கு வழியில்லை. அவ்வாறே அவ்வகை எஞ்சினில் குறுக்குக் குழாய் கசிந்தால் டர்போவைச் சுழற்ற வேண்டிய அழுத்தம் வழியிலேயே வீணாகும், காற்று குறையும், கரும்புகை கக்கும், வண்டி ஏற்றத்தில் இழுக்காது.

நம் சாலைகளில் ஓடும் டாட்டா, அசோக் லேலண்ட் லாரிகளில் பெரும்பாலானவை உருளைகள் ஒரே வரிசையில் நிற்கும் எஞ்சின் கொண்டவை. அவற்றில் புகை ஒரே பக்கமாக வெளிவந்து முதலில் டர்போவைச் சுழற்றிவிட்டுத்தான் குழாய்க்குள் இறங்குகிறது. இவ்வேறுபாடு நோயறிவதற்கு மிகவும் உதவும். டர்போவுக்கு முன் கசிந்தால் இழுவை குறையும். டர்போவுக்குப் பின் கசிந்தால் இழுவையில் பெரிய மாற்றம் தெரியாது; இரைச்சலும் நாற்றமும் மட்டுமே மிஞ்சும். மாமாவின் வண்டி திருவண்ணாமலைச் சாலையில் முழுப் பாரத்தோடு வழக்கம்போலவே இழுத்தது. அதனால்தான் அவர் எஞ்சின் மீது ஐயங்கொள்ளவில்லை. வண்டிக்குக் கேடில்லாத கசிவு ஓட்டுநருக்குத்தான் கேடு என்பதை அன்று அறிந்தேன்.

புகையில் இருப்பவற்றுள் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. நாம் முகர்வது புகையின் பிற பொருள்களையே. நம் குருதியிலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பற்றுவதைவிட இவ்வாயுவை இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்கிறது. காற்றின் பத்து லட்சம் பங்கில் இருநூறு பங்கு இவ்வாயு கலந்தாலே இரண்டு மூன்று மணி நேரத்தில் தலைவலி தொடங்கிவிடும். டீசல் எஞ்சின் மிகுதியான காற்றோடு எரிப்பதால் பெட்ரோல் எஞ்சினைவிடக் குறைவாகவே இதை வெளிவிடுகிறது என்பது உண்மை. ஆயினும் மூடிய கேபினுக்குள் மணிக்கணக்காகப் புகை ஏறும்போது அந்தக் குறைவு ஆறுதல் ஆகாது. மேலும், டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் வகைப்படுத்தியுள்ளது. இரவில் கேபினிலேயே படுத்துறங்கும் ஓட்டுநர்கள் எத்தனை பேர்! எஞ்சினை ஓடவிட்டபடி உறங்குபவருக்குத் தலைவலிகூட எச்சரிக்கையாக வராமற் போகலாம்.

இனி, குழாய் ஏன் வெடித்தது என்ற கேள்விக்கு வருவோம். ஏனெனில் ஓராண்டுக்கு முன்புதான் அதே இடத்தில் வெடித்து வேறோர் ஊர்ப் பட்டறையில் பற்றவைக்கப்பட்டிருந்தது. “பழைய இரும்பு, அதான் போயிடுச்சு” என்று மாமா சமாதானம் சொல்லிக்கொண்டார். எங்கள் மெக்கானிக் அண்ணன் மட்டும் குழாயை இப்படியும் அப்படியும் தடவிப் பார்த்து, “தம்பி, இதுல பிளெக்சிபிள் எங்கே?” என்றார்.

எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே ஓடும்போது அசையும். சைலன்சரோ சேசிஸில் கட்டப்பட்டுள்ளது. அசைவதையும் அசையாததையும் இணைக்கும் குழாயின் நடுவே, துருத்திபோல் மடிப்பு மடிப்பான ஒரு துண்டு இருக்க வேண்டும். அதுவே பிளெக்சிபிள். முன்பு பழுது பார்த்தவர்கள் அதை அறுத்தெறிந்துவிட்டு நேர்க்குழாயை வைத்துப் பற்றவைத்துவிட்டார்கள். செலவு குறைந்தது, ஆயுளும் குறைந்தது.

அசைவு ஒருபுறமிருக்க, வெப்பத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நாம் முதலாண்டில் படித்த நீள் விரிவுதான். எஃகின் நீள் விரிவுக் குணகம் ஒரு டிகிரிக்கு 0.000012. குழாயின் நீளம் 1.2 மீட்டர். காலையில் 30 டிகிரியில் கிளம்பும் வண்டி பாரத்தோடு ஏற்றம் ஏறும்போது குழாய் 400 டிகிரிக்குச் சூடேறுகிறது என்று கொண்டால், வெப்ப உயர்வு 370 டிகிரி. மூன்றையும் பெருக்கினால் விரிவு 5.3 மில்லிமீட்டர். இதென்ன பெரிய அளவு என்று தோன்றலாம். ஆனால் இருமுனையும் அசையாமல் இறுகப் பிடித்த நேர்க்குழாய் ஒன்று இவ்விரிவுக்கு இடமின்றித் தவித்தால் எவ்வளவு தகைவு எழும்? யங் குணகம் 200 கிகாபாஸ்கல் என்று எடுத்துப் பெருக்குங்கள். ஏறத்தாழ 890 மெகாபாஸ்கல் வரும். சாதாரண மென் எஃகு 250 அளவிலேயே நெளியத் தொடங்கிவிடும்! உண்மையில் தாங்கிகள் சற்று விட்டுக்கொடுக்கின்றன, குழாயின் வளைவுகளும் நெகிழ்கின்றன. அதனால்தான் அது முதல் நாளே உடையாமல் ஓராண்டு தாங்கியது. தினமும் சூடேறி ஆறும் ஒவ்வொரு முறையும் இழுப்பும் அழுத்தமும் பற்றவைப்பின் விளிம்பிலேயே குவிந்து, அந்த இடம் களைத்து வெடித்தது. வகுப்பில் இக்கணக்கை இரண்டு மதிப்பெண்ணுக்காகவே போட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அவசரத்துக்கு ஜி.ஐ. தண்ணீர்க் குழாயை வளைத்துப் பற்றவைத்துவிடலாமா என்று மாமா கேட்டார். சுற்றுவட்டாரத்தில் பலர் செய்வதுதான். மெக்கானிக் அண்ணன் மறுத்துவிட்டார். ஜி.ஐ. குழாயின் மேற்பூச்சு துத்தநாகம். அது 419 டிகிரியில் உருகும், 907 டிகிரியில் கொதிக்கும். வெல்டிங் சுடர் அதனினும் பன்மடங்கு வெப்பம் உடையதாகையால் பூச்சு ஆவியாகி வெண்புகையாய் எழும். அதைச் சுவாசித்த வெல்டருக்கு அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வரும். ஓட்டுநரின் தலைவலியைத் தீர்க்க வெல்டரைக் காய்ச்சலில் தள்ளுவது என்ன நியாயம்? பிளெக்சிபிளோடு கூடிய உரிய குழாயே வாங்குவதென முடிவாயிற்று. திண்டிவனத்திலிருந்து அது வந்து சேர ஒன்றரை நாள் ஆனது. அந்த ஒன்றரை நாளும் மாமா வாசலுக்கும் தெருவுக்கும் நடந்தபடியே இருந்தார்.

பழைய குழாயைக் கழற்றுவதுதான் உண்மையான வேலை. சூட்டிலும் மழைநீரிலும் மாறி மாறிக் கிடந்த நட்டுகள் துருவோடு துருவாக ஒன்றிப்போயிருக்கும். முதல் நாள் மாலையே வண்டி நன்கு ஆறிய பின் துரு நீக்கும் எண்ணெயை ஊற்றி இரவு முழுதும் ஊறவைத்தோம். காலையில் மெக்கானிக் அண்ணன் ஸ்பேனரை முதலில் இறுக்கும் பக்கமாகச் சிறிதே அசைத்தார். ‘டக்’ என்று துரு விட்ட பிறகே கழற்றும் பக்கம் திருப்பினார். மூன்று நட்டுகள் இவ்வாறு வந்தன. நான்காவதை என்னிடம் விட்டார். என் அவசரத்தில் ஸ்பேனருக்கு நீளக் குழாய் மாட்டி ஒரே இழுப்பாக இழுத்தேன். நெம்புகோல் தத்துவம் சரியாகவே வேலை செய்தது. ஸ்டட் கழுத்தோடு முறிந்து கையில் வந்தது. டர்போவின் உடலில் எஞ்சிய அடித்துண்டின் மேல் புதிய நட்டு ஒன்றை வைத்துப் பற்றவைத்து, அதைப் பிடித்துத் திருகி எடுக்க இரண்டு மணி நேரம் பிடித்தது. வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றியதோடு, மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் செருகிகளையும் உருவி வைத்தார்கள். இல்லையெனில் வெல்டிங் மின்னோட்டம் தவறிய வழியில் பாய்ந்து, குழாயைவிடப் பன்மடங்கு விலையுள்ள பெட்டி பாழாகலாம்.

பூட்டுவதில் ஒரு வரிசை உண்டு. பிளேஞ்சின் முகத்தைக் கம்பித் தூரிகையால் சுரண்டிப் பழைய பேக்கிங் துகள் ஒன்றும் இல்லாமல் செய்ய வேண்டும். பேக்கிங் எப்போதும் புதியதே. எந்த முனையையும் முதலில் இறுக்கக் கூடாது. எல்லா நட்டுகளையும் கையால் மாட்டி, குழாய் தானாகத் தன் இடத்தில் அமர்ந்ததா என்று பார்த்து, தாங்கிப் பட்டைகளையும் தளர்வாக மாட்டிய பின்னரே எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். குழாயை இழுத்துப் பிடித்துத் துளைக்குக் கொண்டுவந்து பூட்டினால், எஞ்சின் ஓடுமுன்னரே அதில் தகைவு ஏறிவிடும். திருகுகளில் சூடு தாங்கும் பசை தடவினோம். அடுத்த முறை இதைக் கழற்றுபவர் என்னைப்போல் ஸ்டட்டை முறிக்க வேண்டியதில்லை.

மாலையில் எஞ்சினை ஓடவிட்டு, குழாய் சூடாகுமுன் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தோம். ஓரிடத்திலும் குமிழி இல்லை. கியர் தண்டின் கிழிந்த உறையையும் மாற்றினோம்; அதன் விலை மிக அற்பம். அன்றிரவே மாமா நெல் ஏற்றிக்கொண்டு திருவண்ணாமலைக்குப் போனார். மறுநாள் திரும்பியதும், வண்டி ஆறும்வரை காத்திருந்து, மெக்கானிக் அண்ணன் சொன்னபடி நட்டுகளை மீண்டும் சோதித்தோம். இரண்டு நட்டுகள் கால் சுற்று உள்வாங்கின. தலைவலியைப் பற்றி மாமாவிடம் கேட்டேன். “எந்தத் தலைவலி?” என்று கேட்டுவிட்டு, அத்தை கொடுத்த காபியோடு திண்ணையில் போய் உட்கார்ந்தார்.