கிரெடிட் – ஒரு சொல், பல கணக்கு



மளிகைக்கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் ஒரு நாள் போனில், "அண்ணாச்சி, கிரெடிட் வரலையே" என்றார். "பழைய பாக்கியே நிக்குது, இன்னும் கிரெடிட்டா?" என்று சத்தம் போட்டுவிட்டேன். அவர் கேட்டது கடன் சரக்கு அல்ல, ஏற்கெனவே வாங்கிய எண்ணெய்க்குரிய வரி வரவு. அவருடைய பில்லை என் கணக்குப்பிள்ளை ஜிஎஸ்டி எண் இல்லாத சில்லறை விற்பனையோடு சேர்த்துப் பதிந்திருந்தார். தவறு என்னுடையது, ஏச்சு வாங்கியது அவர்.

நம்புதல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது கிரெடிட். நம்பிக் கொடுப்பதால் கடனுக்கு அந்தப் பெயர். சினிமாவில் பெயர் போடுவதையும் கிரெடிட் என்கிறார்கள். அது நமக்கு வேண்டாம்.

வங்கியில் பணம் கட்டினால் நம் பேரேட்டில் வங்கியின் பேரில் பற்று எழுதுகிறோம். பாஸ் புத்தகத்திலோ அதே தொகை கிரெடிட் என்று வருகிறது. இரண்டும் சரியே. பாஸ் புத்தகம் வங்கிப் பேரேட்டின் நகல். நம் பணம் வங்கி நமக்குத் தரவேண்டிய பாக்கி என்பதால் அவர்கள் ஏட்டில் அது வரவு.

கிரெடிட் நோட் என்றதும் கடன் சீட்டு என்று நினைப்பவர்கள் உண்டு. சரக்கு திரும்பினாலோ பில்லில் விலை கூடிவிட்டாலோ விற்றவர் கொடுக்கும் கழிவுச் சீட்டு அது. வரியும் சேர்த்துக் கழித்திருந்தால், வாங்கியவர் தாம் எடுத்த வரி வரவை அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு, நம் கையைக் கடிப்பது வேறொன்று. கிரெடிட்டில் வாங்கிய சரக்குக்குப் பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், அந்தப் பில்லுக்கு எடுத்த வரிக் கிரெடிட்டைத் திருப்ப வேண்டும். ஒரு லட்சம் ரூபாய் எண்ணெய்க்கு 5 சதவீத வரி 5,000 ரூபாய். முழுத் தொகையும் பாக்கி என்றால் அந்த 5,000 ரூபாயை வட்டியோடு கட்டவேண்டும். பாதி கொடுத்திருந்தால் மீதிக்குரிய வரி மட்டும். பிறகு பாக்கியைத் தீர்த்ததும் வரி வரவை மறுபடி எடுத்துக்கொள்ளலாம், ஆனால் கட்டிய வட்டி போனது போனதுதான். காம்போசிஷன் திட்டத்தில் இருப்போருக்கு வரி வரவே கிடையாது. ஆகவே இந்தக் கவலையும் இல்லை.

தீபாவளிக்கு எடுத்த சரக்கின் பாக்கியைச் சித்திரை வரை இழுப்பது நம்மிடையே சாதாரணம். அதற்குள் 180 நாள் நெருங்கிவிடும். ஒரே பாக்கியை 'முன் பில், பின் பில்' என்று கலந்து எழுதினால் எந்தப் பில்லுக்கு நாள் முடிந்தது என்று ஆடிட்டருக்கும் விளங்காது. பணம் அனுப்பும்போது பில் எண்ணைக் குறிப்பிட்டு அனுப்புங்கள்.

150 நாள் தாண்டிய பில்களுக்கு இப்போது கெடு தேதியைத் துண்டுச்சீட்டில் எழுதி அனுப்புகிறேன். பாக்கி வசூலிக்க அண்ணாச்சி கண்டுபிடித்த தந்திரம் என்று சிலர் சொல்கிறார்களாம். அதுவும் கொஞ்சம் உண்மைதான்.