பட்டு முதல் விழித்திரை வரை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

காஞ்சிபுரம் பட்டுக்குப் பின்னால் செடி ஆய்வு, புழு ஆய்வு, நோய் ஆய்வு, கணக்கிடும் பொறிகளின் வரலாறு எல்லாம் இருக்கின்றன. இவை பற்றிப் பரவலாக நம்பப்படும் ஐந்து செய்திகளும் அவற்றின் உண்மை நிலையும் வருமாறு.

நம்பிக்கை: காஞ்சிபுரம் பட்டு நூல் காஞ்சிபுரத்திலேயே விளைகிறது.

உண்மை: காஞ்சியின் தனிச்சிறப்பு நெசவில் இருக்கிறது. உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் நெய்து இணைக்கும் கோர்வை வேலை அதன் அடையாளம். இங்கே தறியேறும் நூலில் பெரும்பகுதி கர்நாடகத்திலிருந்து வருகிறது. தமிழ்நாட்டிலும் தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற மாவட்டங்களில் பட்டு வளர்ப்பு உண்டு.

நம்பிக்கை: அதிக விளைச்சல் தரும் புது ரகங்கள் எல்லாம் மரபணு மாற்றியவை.

உண்மை: பட்டு விவசாயிகள் பரவலாக நடும் வி-1 மல்பெரி, மைசூரு மத்திய பட்டு ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனம் 1997இல் வெளியிட்ட ரகம். எஸ்-30, பெர் சி-776 என்னும் இரு செடிகளைக் கலந்து, பிறந்த நாற்றுகளில் சிறந்ததைத் தேர்ந்து உருவாக்கப்பட்டது. குச்சி நட்டு வளர்ப்பதால் அதன் குணம் மாறுவதில்லை. வெண்பட்டு தரும் சிஎஸ்ஆர்-2, சிஎஸ்ஆர்-4 புழுக்களின் கலப்போ முதல் தலைமுறையில்தான் முழு வீரியம் காட்டும். அடுத்த தலைமுறையில் குணங்கள் பிரிந்துவிடும். அதனால்தான் விவசாயி ஒவ்வொரு முறையும் புது முட்டையோ இளம்புழுவோ வாங்குகிறார். வெள்ளம் தாங்கும் சிஆர் 1009 சப்-1 நெல்லும் கலப்பில் பிறந்ததே. அந்தத் தாங்குதிறன் ஒடிசாவின் பழைய நெல் வழியிலிருந்து வந்தது.

நம்பிக்கை: பட்டுப்புழு நோய் பற்றிய ஆய்வால் மனிதருக்குப் பயன் இல்லை.

உண்மை: பிரான்சின் பட்டுத் தொழிலைப் பெப்ரின் நோய் அழித்துவந்தபோது, 1865இல் லூயி பாஸ்டர் அதை ஆராயத் தொடங்கினார். தாய் அந்துப்பூச்சியிடமிருந்து முட்டை வழியே நோய் பரவுவதைக் கண்டார். ஒவ்வொரு தாயும் தனியே முட்டையிட்டபின் அந்தத் தாயை அரைத்து நுண்ணோக்கியில் பார்த்து, நோய் தெரிந்தால் அந்த முட்டைகளை அழிக்கும் முறையை வகுத்தார். முட்டை உற்பத்தி நிலையங்களில் அந்தச் சோதனை இன்றும் தொடர்கிறது. தொற்றுநோய்க்கு நுண்ணுயிரே காரணம் என்ற கருத்து வலுப்பெற இந்த அனுபவமும் உதவியது. 1885இல் அதே பாஸ்டர் வெறிநாய்க்கடித் தடுப்பூசியை மனிதருக்குச் செலுத்தச் செய்தார்.

நம்பிக்கை: அறுவைத் தையலில் பட்டு நூல் தானே கரைந்துவிடும்.

உண்மை: மருத்துவத்தில் பட்டு கரையாத நூல் வகையைச் சேர்ந்தது. தோலில் போட்ட பட்டுத் தையலைக் குறித்த நாளில் பிரிக்க வேண்டும். உடலுக்குள் விட்டால் பல மாதங்களில் மெல்ல வலுவிழக்கும். சாயமிடுவதற்கு முன் நூலை வேகவைத்துப் பசையை நீக்குவது போலவே, தையல் நூலிலும் செரிசின் என்னும் பசைப்புரதம் நீக்கப்படுகிறது.

நம்பிக்கை: செயற்கை நுண்ணறிவு தானாகவே நோயை அறிகிறது, இனி மருத்துவர் வேண்டாம்.

உண்மை: 1804ஐ ஒட்டி உருவான ஜக்கார்டு தறி, துளையிட்ட அட்டை சொன்ன பூவை மட்டும் நெய்தது. அட்டை வழி கட்டளையிடும் அந்த முறையைச் சார்லஸ் பாபேஜ் தம் கணக்கிடும் பொறிக்கு எடுத்துக்கொண்டார். இன்றைய செயற்கை நுண்ணறிவோ எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்கிறது. அந்த எடுத்துக்காட்டுகளைத் தருபவர்கள் மனிதர்கள். நீரிழிவால் விழித்திரை கெடுவதைக் கண்டறிய 2016இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட நிரல், சுமார் 1,28,000 விழித்திரைப் படங்களில் பயின்றது. அரவிந்த் கண் மருத்துவமனையும் சங்கர நேத்ராலயாவும் அந்த ஆய்வில் பங்கேற்றன. ஒவ்வொரு படத்துக்கும் கண் மருத்துவர் பலர் தனித்தனியே தீர்ப்பளித்த பிறகே நிரலுக்குப் பாடம் கிடைத்தது. யாரை உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று சலித்துக் காட்டுவது நிரலின் வேலை, சிகிச்சையை முடிவு செய்வது மருத்துவரின் வேலை. இந்நோய் தொடக்கத்தில் அறிகுறி காட்டாது. எனவே நீரிழிவு உள்ளவர்கள், பார்வை தெளிவாக இருந்தாலும், ஆண்டுக்கு ஒருமுறையேனும் விழித்திரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.