தொழிலுக்கு வழிகாட்டத் தகுதியுடையவர் யார்?
(மாற்றுத்திறனாளிகளின் மறுவாழ்வும் ஆலோசகரின் தகுதியும்)

மண்ணின் தன்மையறியாது விதைப்பவன் விளைச்சலை இழப்பான் என்பதை உழவர் பெருமக்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மண்ணைப் பரிசோதித்து, நீர் நிலையைக் கணித்து, பட்டம் பார்த்துப் பயிரிடுவதே அறிவுடைமை. மனிதருக்குத் தொழில் தேர்வதும் அத்தகையதே. அதிலும், விபத்தாலோ நோயாலோ பிறவியாலோ உடலிலும் உள்ளத்திலும் ஊறு நேர்ந்தவர்களுக்குத் தொழில் காட்டுவது மிகுந்த பொறுப்புடைய பணியாகும். அப்பணிக்குத் தகுதியுடையவர் யார், அரசுப் பணியில் அமர்வோருக்குச் சட்டம் விதிப்பது என்ன, ஊராட்சி உறுப்பினர்களின் கடமை யாது என்பவற்றை இங்கு ஆராய்வோம்.

நாம் கற்ற பாடம்

நாம் முன்பு பணியாற்றிய வட்டாரம் ஒன்றில், டிராக்டர் விபத்தில் முழங்காலுக்குக் கீழ் ஒரு காலை இழந்த இளைஞர் ஒருவர் இருந்தார். அவருக்கு உதவ வேண்டுமென்று ஊராரும் நாமும் கூடிப் பேசினோம். உட்கார்ந்தபடியே செய்யத்தக்கது பெட்டிக்கடை என்று முடிவு செய்து, கடனும் பெற்றுத் தந்தோம். ஓராண்டு நிறைவதற்குள் கடை மூடப்பட்டது. கடன் மட்டும் எஞ்சியது.

பின்னர்ப் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் அவரைச் சந்தித்து இரண்டு நாட்கள் உரையாடினார். அந்த இளைஞருக்கு வாணிபத்தில் சிறிதும் நாட்டமில்லை. ஆனால் சிறு வயது முதலே பம்புசெட் மோட்டார்களைப் பிரித்துப் பழுது பார்ப்பதில் கைதேர்ந்தவர். அவருக்கு அளிக்கப்பட்ட செயற்கைக் கால் தோலை உராய்ந்து புண்ணாக்கியதால், அது வீட்டு மூலையில் கிடந்தது. இவற்றுள் ஒன்றையேனும் நாம் அவரிடம் கேட்டறியவில்லை. செயற்கைக் கால் சரிசெய்யப்பட்டது, பயிற்சியும் கிடைத்தது. இன்று அவர் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை நடத்துகிறார். நமது நல்லெண்ணத்தில் குறையில்லை. தகுதியில்தான் குறை இருந்தது.

ஆலோசகரின் பணி

தொழில் மறுவாழ்வு ஆலோசகர் ஒருவரது இழப்பை மட்டும் அளப்பவரல்லர். எஞ்சி நிற்கும் ஆற்றல், கல்வி, விருப்பம், குடும்ப நிலை, சுற்றுவட்டாரத்தில் கிடைக்கும் வேலை ஆகிய அனைத்தையும் சேர்த்து ஆராய்கிறார். தேவையான துணைக்கருவி, பயிற்சி, வேலையிடத்தில் செய்ய வேண்டிய மாற்றம் ஆகியவற்றைக் குறிக்கிறார். வேலையில் அமர்த்திய பின்னும் தொடர்ந்து கவனிக்கிறார். ஆதலின் உடலியல், உளவியல், தொழில்களின் இயல்பு, சட்டங்கள், திட்டங்கள் ஆகியவற்றில் அவருக்குப் பயிற்சி இன்றியமையாதது. தம்மிடம் கூறப்பட்டதைப் பிறரிடம் வெளியிடாத ஒழுக்கமும் வேண்டும்.

சட்டம் கூறுவது

நமது நாட்டில் இப்பணியை ஒழுங்குபடுத்துவது 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டமாகும். இச்சட்டம் மறுவாழ்வுப் பணியாளர்களை வகைப்படுத்தும்போது, மாற்றுத்திறனாளிகளுக்கான தொழில் ஆலோசகர்களையும், வேலைவாய்ப்பு அலுவலர்களையும், வேலையில் அமர்த்தும் அலுவலர்களையும் ஒரு வகையாகக் குறிப்பிடுகிறது. கவுன்சில் ஏற்றுக்கொண்ட படிப்பில் தேர்ச்சி பெற்று, அதன் பதிவேட்டில் பெயர் பதிந்தவரே இப்பணிக்கு உரியவர். பதிவை உரிய காலத்தில் புதுப்பிக்கவும், தொடர்ந்து பயிற்சி பெறவும் வேண்டும்.

சட்டத்தின் 13-ஆம் பிரிவை ஊராட்சி உறுப்பினர்கள் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். அரசிலோ, உள்ளாட்சி அமைப்பு நடத்தும் நிறுவனத்திலோ, எப்பெயரிட்டு அழைத்தாலும், பதிவு பெறாதவர் மறுவாழ்வுப் பணியாளர் பதவியை வகிக்கலாகாது. மீறுவோருக்கு ஓராண்டு வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். அண்டை வீட்டாரின் அன்பான உதவியை இப்பிரிவு தடுக்கவில்லை. பதவியின் பெயரால் தகுதியற்ற ஆலோசனை வழங்கப்படுவதையே தடுக்கிறது.

பிற நாட்டு அனுபவம்

அமெரிக்காவில் பொதுமக்களுக்கான தொழில் மறுவாழ்வுச் சட்டம் 1920-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. ஆலோசகர்களைப் பயிற்றுவிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு நிதியுதவி செய்ய 1954-ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. பின்னர்ப் பல மாநிலங்கள் முதுகலைப் பட்டத்தையே தகுதியாகக் கொண்டன. 2014-ஆம் ஆண்டுச் சட்டமோ, இளங்கலைப் பட்டத்துடன் உரிய பணி அனுபவம் உடையோரையும் ஏற்க இடமளித்தது. தகுதியை மிக உயர்த்தினால் சிற்றூர்களுக்கு ஆள் கிடைப்பது அரிது. மிகத் தாழ்த்தினால் ஆலோசனையால் பயனில்லை. இவ்விரண்டுக்குமிடையே நடுநிலை காண்பது எந்நாட்டுக்கும் எளிதன்று.

ஊராட்சி செய்யத்தக்கவை

தகுதி பெற்ற ஆலோசகர் ஒவ்வோர் ஊரிலும் இருத்தல் இயலாது. ஆயினும் அவரிடம் மக்களைச் சேர்ப்பிக்க ஒவ்வோர் ஊராட்சியாலும் இயலும்.

1. ஊரிலுள்ள மாற்றுத்திறனாளிகளின் பட்டியலைத் தயாரித்தல் வேண்டும். அதில் ஊனத்தின் வகையோடு, அவரவர் கற்ற கல்வி, அறிந்த தொழில், விரும்பும் தொழில் ஆகியவற்றையும், அவரவரையே கேட்டு, குறித்தல் வேண்டும்.

2. கடனோ கருவியோ வழங்கப் பரிந்துரைக்குமுன், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் வாயிலாகத் தகுதியுடையவரின் ஆலோசனையைப் பெறுதல் வேண்டும். முன்னர்த் தொழில் மறுவாழ்வு மையம் எனப்பட்ட மத்திய அரசின் நிலையம் சென்னை கிண்டியில் உள்ளது. ஒருவரது திறனை மதிப்பிட்டு வழிகாட்டுவது அதன் பணியாகும்.

3. ஆலோசகர் என்று கூறிக்கொண்டு ஊருக்கு வருவோரிடம் கவுன்சிலின் பதிவுச் சான்றிதழைக் காட்டுமாறு கேட்டல் வேண்டும். இதில் கூச்சப்பட ஏதுமில்லை. விதை வாங்கும்போது சான்றட்டையைப் பார்க்கிறோமல்லவா?

4. படித்து வேலை தேடும் நம் ஊர் இளைஞர்களை இத்துறையில் பயிலத் தூண்டுதல் வேண்டும். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில், பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் 2005-ஆம் ஆண்டு முதல் செயல்பட்டு வருகிறது. அங்கு மறுவாழ்வுத் துறைப் படிப்புகள் நடத்தப்படுகின்றன. அவ்வாறு பயின்று ஊர் திரும்பும் ஒருவர், மொழியும் சூழலும் அறிந்த ஆலோசகராவார்.

ஊராட்சி உறுப்பினர்களுக்கான பயிற்சிகளில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளும் கற்பிக்கப்பட வேண்டுமென 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 47-ஆம் பிரிவில் விதிக்கிறது. அடுத்த பயிற்சி முகாமில் இப்பாடம் இடம்பெறுமா என்று கேட்பது உறுப்பினர்களின் உரிமையாகும்.

ஒருவருக்குத் தவறான தொழிலைக் காட்டினால் இழப்பது கடன் தொகை மட்டுமன்று. அவர் தம்மீது கொண்ட நம்பிக்கையும் அழிந்துபோகும். கடனை மீண்டும் பெறலாம். நம்பிக்கையை மீட்பது அரிது. ஆகவே, உதவும் கரங்கள் முதலில் தகுதியுடையவரின் வாயிற்கதவைத் தட்டட்டும். பிறகு ஊர் கூடி அளிக்கும் உதவி உரிய இடத்தில் சேர்ந்து பயன்தரும்.